குடுவைகளை வெட்டிய நானாவுக்கு

ரிதுவான் நானா,

மீன் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. சோறு நீங்களே ஆக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் எதில் வேண்டுமானாலும் ஆக்கத் தெரியுமே.

தங்கை நான் வளர்த்த குடுவைச் செடியின் ஏழு குடுவைகளையும் வெட்டி, ஒட்டும் புளுட் அரிசி அடைத்து அவித்து, உங்களுக்குப் பேசி வைத்திருக்கும் நூருல் ஐன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டீர்கள். கேட்டால், "மலாய்க்காரங்க செய்றதுதானே லா, வேற முளைக்கும்" என்று சிரிப்பு. அவர்கள் உள்ளே கழுவிவிட்டுத்தான் அவிப்பார்கள். நீங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறு வாரம் பஞ்சால் மாவுப்பூச்சியைத் துடைத்துக் காப்பாற்றிய செடி. இன்று மாலை செடி வளர்ப்பு வகுப்புத் தேர்வுக்கு அதை மொட்டையாகத் தூக்கிப் போகிறேன். பெயிலானால் உங்களால்தான். (சமையலறை ஜன்னலில் வைத்தது என் தவறோ?) இல்லை, உங்களால்தான்.

பின்வாசலில் இருக்கும் சின்னச் செடிக்கு மழைத்தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். பூச்சி மருந்து வேண்டாம்.

ஃபாஹிமா

பி.கு.: ஐனின் உம்மா போன் செய்தார். "ரொம்ப ருசி ஃபாஹிமா, மாப்பிள்ளை உள்ள என்னம்மா போட்டாரு?" என்றார். எந்தக் குடுவை எந்தத் தேதியில் எந்தப் பூச்சியைத் தின்றது என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. இரண்டு முறை யோசித்தேன். பிறகு அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். நான்காவது குடுவையில் கரப்பான்.

இன்னொன்று: ஐன் வீட்டார் டுரியான் துங்காலிலிருந்து குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்களாம். மஃரிப் தொழுகைக்குள் வந்துவிடுவார்கள். தேநீருக்குப் பால் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.