படகுக்கு இன்னும் இரண்டு டேங்க்

முடசலோடை,
20.4.2010

அன்புத் தம்பி செம்பியனுக்கு,

அக்கா அமராவதி ஆசையோடு எழுதுவது. இங்கே நான், உன் மாமா, சிந்துஜா மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கிச் சௌக்கியமாக இருக்கிறோம். ஷார்ஜாவில் நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

போனில் சொன்னால் போதாதா, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் செய்தால் நீ பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் "ஆங், ஆங்" என்கிறாய். இது "ஆங்" சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நீ படம் போட்டு அனுப்ப வேண்டிய விஷயம்.

சங்கதி இதுதான். நம்ம படகுக்குக் கூடுதலாக டீசல் டேங்க் வைக்கப்போகிறோம். எனக்கு மூன்று நாளாகக் காலே தரையில் பாவவில்லை. சூரை மீன் இப்போது கிட்டத்தில் இல்லை தம்பி. எல்லாம் தூரத்தில் கிடக்கிறது. இருக்கிற டேங்கையும் நாலு கேனையும் நம்பிப் போனால் மீன் இருக்கிற இடத்தைத் தொட்ட உடனே திரும்ப வேண்டியதுதான். பெரிய படகுக்காரர்கள் நாலு நாள் தங்கல் போட்டு அள்ளிக்கொண்டு வருகிறார்கள். இன்னும் இருநூறு லிட்டர் கையில் இருந்தால் நாமும் தங்கலாம். தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது, படகு சும்மா நிற்கிறது. இதை விட்டால் வேறு நேரம் இல்லை.

உன் மாமா அவர் வழியில் ஒரு வேலை செய்தார். ஒரு நீல டிரம்மை வாங்கி வந்து பின்பக்கம் மேலேயே நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டினார். டீசல் ஊற்றுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஊற்றினோம். குட்டையில் எருமை உட்கார்ந்த மாதிரி பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, மூக்கு வானத்தைப் பார்க்கிறது. நம்ம படகில் வருகிற சாமிக்கண்ணு அண்ணன் கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "தண்ணி கனம், டீசலு லேசு, உங்களுக்கு என்னா தெரியும்"னு கத்திவிட்டு, மறுநாள் சத்தம் போடாமல் டிரம்மை அவிழ்த்துப் போட்டார்.

அப்போதுதான் சொன்னேன், என் தம்பி படகு கட்டுகிற இடத்தில் மூன்று வருஷமாக வேலை செய்கிறான், அவனைக் கேட்கலாம் என்று. உன் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பாஷையில் அதற்குச் சரி என்று அர்த்தம். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு தடவை உள்ளே வந்து, எதையோ தேடுகிற மாதிரி தேடிவிட்டுப் போனார்.

செம்பியா, அந்தப் பழைய பேச்சை நானே எடுக்கிறேன். சுனாமிக்குப் பிறகு நீயும் அவரும் சேர்ந்து வாங்கிய படகு இது. அன்றைக்கு நடுக்கடலில் டீசல் தீர்ந்து இரண்டு நாள் மிதந்தீர்கள். நாகப்பட்டினத்துப் படகு இழுத்து வந்து சேர்த்தது. கரையில் இறங்கியதும் அவர் எல்லோர் முன்னாலும், கேன் ஏற்றுவது மச்சான் வேலை, இரண்டு கேனைக் கரையிலேயே மறந்துவிட்டான் என்று சொன்னார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். அடுத்த மாதம் விமானம் ஏறிவிட்டாய். மறந்தது மறந்ததுதான். மனுஷனுக்கு மறதி வராமல் வேறு யாருக்கு வரும்? நான் அதை எப்போதோ மனசிலிருந்து விட்டுவிட்டேன், நீயும் விட்டுவிடு. அந்த இரண்டு நாளும் நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பிள்ளை சிந்துஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு மணலிலேயே நின்றேன். புருஷனா தம்பியா, யாருக்கு முதலில் அழுவது என்றுகூடத் தெரியவில்லை. இனிமேல் அப்படி நிற்கக் கூடாது. இந்த டேங்க் எனக்கு அதற்காகத்தான், மீன் அப்புறம்தான்.

படகு நீளம், அகலம், எஞ்சின் இருக்கிற இடம் எல்லாம் சிந்துஜா அளந்து தனித்தாளில் எழுதியிருக்கிறாள். எங்கே வைப்பது, எப்படிச் செய்வது என்று பார்த்துச் சொல். உன் கையில் கடவுள் நல்ல தொழிலைக் கொடுத்திருக்கிறார். அது குறையாமல் இருக்கட்டும்.

உன் அக்கா,
அமராவதி


முடசலோடை,
8.6.2010

என் செல்லத் தம்பி செம்பியனுக்கு,

அக்கா எழுதுவது. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுத முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சுகச் செய்தியெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் டேங்க்.

நீ அனுப்பிய ஏழு பக்கப் படமும் வந்து சேர்ந்தது. ஒரே பெரிய டேங்க் வேண்டாம், எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் அடியோடு அடியாக நூறு நூறு லிட்டராக இரண்டு வை என்று எழுதியிருந்தாய். உன் மாமா அதை என்னிடமிருந்து வாங்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய்த் திரும்பினேன், ஆளையும் காணோம், படத்தையும் காணோம்.

சிதம்பரத்தில் கலியமூர்த்தி என்று ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். திட்டக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். டிராக்டர் டிரெய்லரும் தண்ணீர் டேங்கரும் செய்கிறவர், படகு வேலை அவருக்கு இதுதான் முதல். நீ போட்டிருந்த உள் தடுப்பைப் பார்த்துவிட்டு, "டேங்குக்குள்ள எதுக்குங்க செவுரு? அதுலயும் ஓட்ட வேற போடச் சொல்றீங்க"ன்னு கேட்டார். உன் மாமா எடுத்துச் சொன்னார் பார், நான் சாப்பாட்டுத் தூக்கோடு பக்கத்தில் நின்றேன். படகு சாயும்போது டீசல் மொத்தமும் ஒரு பக்கம் ஓடும், அது ஓடினால் படகும் அது பின்னாலேயே சாயும், தடுப்பு இருந்தால் மெல்ல மெல்லத்தான் போகும் என்று உன் கடிதத்தில் இருந்ததை ஒரு வரி விடாமல் ஒப்பித்தார். எல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி. உன் பேரை மட்டும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

டேங்க் முடிந்ததும் காற்றடைத்து, தையல் முழுக்கச் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். ஒரு குமிழி வரவில்லை. கலியமூர்த்தி தன் டிராக்டரிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். மாசி மகத்துக்குக் கிள்ளைக்கு வந்ததோடு சரி, அதற்கப்புறம் கடல் பக்கமே வந்ததில்லையாம். நாள் முழுக்க இருந்து, போல்ட்டு முடுக்கி, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். முடுக்குவதற்கு முன்னால் தண்ணீர் கேன்களை இரண்டு பக்கமும் சமமாக அடுக்கிப் பார்த்தோம். படகு கொஞ்சம் இறங்கியது, ஆனால் சாயவே இல்லை. சாமிக்கண்ணு அண்ணன் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

இனி சொல்லப்போவது என் பெருமை. சிரித்துக்கொண்டே படி.

தடை முடிந்த அன்று படகுக்குப் படையல் போட்டோம். புது டேங்குக்குப் பொட்டு வைக்க வேண்டாமா? டேங்க் இரண்டும் பலகைக்குக் கீழே, கை எட்டாத இடத்தில். மேலே தெரிவது, நீ சிவப்பு மையில் எழுதியிருந்தாயே, அந்த மூச்சுக்குழாய் இரண்டும்தான். வளைந்த தலையோடு, வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிற புதுப்பெண் மாதிரி இருந்தன. நான் இரண்டுக்கும் வழிய வழியச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, புது மஞ்சள் துணியை மூன்றாக மடித்துத் தலை முழுக்க மூடி, நூல் சுற்றி இறுக்கமாக முடிச்சுப் போட்டேன். எல்லோரும் கும்பிட்டார்கள். படையலில் கட்டிய துணியை நம்ம ஆட்கள் யாரும் கையால் அவிழ்க்க மாட்டார்கள், தானாக உப்பில் இற்று விழ வேண்டும். அது உனக்கே தெரியும்.

நாலு நாள் தங்கலுக்குப் போனார்கள். முதல் நாள் பழைய டேங்க். இரண்டாம் நாள் மத்தியானம் அது அடிமட்டத்துக்கு வந்ததும் புது டேங்குக்குத் திருப்பினார்கள். முக்கால் மணி நேரம் ஓடியது. அப்புறம் எஞ்சின் திணறி நின்றுவிட்டது. குழாயில் காற்று புகுந்துவிட்டதென்று எல்லாவற்றையும் தளர்த்திக் காற்றெடுத்து மறுபடி கிளப்பினார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. அடுத்த டேங்குக்கு மாற்றினால் அதுவும் அதே கதை. கரை தெரியவில்லை, போன் எடுக்கவில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு படகு இல்லை. காலுக்குக் கீழே இருநூறு லிட்டர் டீசல் கிடக்கிறது, ஒரு கரண்டி வரமாட்டேன் என்கிறது. "இந்த தடவயும் மெதக்க வேண்டியதுதானா இளவரசு"ன்னு சாமிக்கண்ணு அண்ணன் உன் மாமாவைக் கேட்டாராம்.

அப்போது உன் மாமா என்ன செய்தார் தெரியுமா? பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த உன் படத்தை எடுத்து எஞ்சின் பெட்டி மேல் விரித்திருக்கிறார். அதை அவர் கடலுக்குக் கொண்டுபோனது எனக்கே தெரியாது. வாய்விட்டு ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறார். "மூச்சுக்குழாய் அடைபட்டால் டேங்க் டீசலை விடாது" என்கிற வரி வந்ததும் நிறுத்தினாராம். போய் டேங்க் மூடியைத் திருகினார். புஸ் என்று காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. படகில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து என் மஞ்சள் துணியைப் பார்த்தார்கள்.

பார்த்தும் யாரும் கை வைக்கவில்லையாம். கத்தியை நீட்டினால் சாமிக்கண்ணு அண்ணன் பின்னால் போகிறார். கடைசியில் உன் மாமா கைகூப்பி, "ஆத்தா, அவ தெரியாம கட்டிட்டா, கோச்சிக்காத"ன்னு சொல்லிவிட்டு, அறுக்காமல் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்து, துணியைக் கொடிக்கம்பில் கட்டினாராம். இரண்டாம் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துவிட்டது. திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. இன்னும் தூரம் போய், நாலாம் நாள் காலையில் சூரையை நிறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மீன் வைக்க இடமில்லாமல் படுக்கிற இடத்தில் எல்லாம் மீன். ஏலக் கூடத்தில் எல்லோரும் நம்ம படகைத்தான் வேடிக்கை பார்த்தார்கள்.

எஞ்சின் ஏன் நின்றது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், கலியமூர்த்தி வேலை சரியில்லை என்றுகூட ஒருவர் ஆரம்பித்தார். நான் கூட்டத்துக்கு நடுவில், "அவரு மேல ஒண்ணுமில்ல, நாந்தான் கொழா வாய மூடிக் கட்டினேன்"னு சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, சும்மா இரு, ராசியில்லாதவள் என்று பேசப்போகிறார்கள் என்றாள். பேசட்டுமே. கட்டினவள் நான். நான் மறைத்தால் இன்னொருத்தி இன்னொரு படகில் கட்டுவாள். இப்போது இன்னும் இரண்டு படகுக்காரர்கள் கலியமூர்த்தியிடம் டேங்க் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம், பொட்டு வை, வாயைக் கட்டாதே என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

உன் மாமாதான் வந்ததிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறார். சரியாகச் சாப்பிடவில்லை. பேச வந்து பேசாமல் போகிறார். நாலு நாள் அலுப்பாக இருக்கும். இவ்வளவு மீன் பிடித்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் யாருக்குப் பிடிக்கும், நீயே சொல்.

உன் படம்தான் அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது தம்பி. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது. லீவு கிடைத்தால் இந்த வருஷமாவது முகத்தைக் காட்டு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அக்கா அமராவதி


கிள்ளை,
11.6.2010

மச்சான் செம்பியனுக்கு,

இளவரசு எழுதுவது. கிள்ளை போஸ்ட் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பார்த்துப் படிக்கவும்.

டேங்க் நன்றாக இருக்கிறது. இடது பக்கத்து டேப்பில் மட்டும் சொட்டுகிறது. வாஷர் மாற்றினால் போதுமா, டேப்பையே மாற்றுவதா என்று தெரியவில்லை. இதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று இவ்வளவு நேரம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நீ எல்லாக் கேனையும் ஏற்றிவிட்டாய். ஐஸ் பெட்டிக்கு இடம் வேண்டுமென்று இரண்டு கேனை இறக்கிக் கரையில் வைத்தவன் நான். நான் இறக்கியதை நீ பார்த்தாய். போதுமா மாமா என்று கேட்டாய், போதும் என்றேன். கரையில் அத்தனை பேர் முன்னால் உன் மேல் சொன்னபோதும் நீ வாயைத் திறக்கவில்லை. உன் அக்காவைப் பார்த்தாய், பேசாமல் இருந்துவிட்டாய். மூன்று வருஷமாக அவள் நீதான் மறந்தாய் என்று நம்பி, உன்னை மன்னித்துக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு அவள் கூட்டத்தில் நான்தான் கட்டினேன் என்று சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவளிடம் சொல்ல வேண்டும். தினமும் பக்கத்தில் போகிறேன். அவள் டேங்கைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள், நான் திரும்பி வந்துவிடுகிறேன். கடலில்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை. நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் அவள் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன், நீ அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

எஞ்சின் பக்கத்தில் நீ நிற்கிற இடத்தில் இதுவரை யாரையும் போடவில்லை. வா மச்சான்.

இளவரசு