இரவல் பாவம்

முதலியார்பேட்டை
17.03.2025

சுடர் அப்பாவுக்கு,

பிலோமின் எழுதுவது. "சேசுவுக்குத் தோத்திரம்" என்று தொடங்கத்தான் கை போனது. இன்றைக்கு இருக்கிற கோபத்தில் அதை எழுதினால் அவருக்கே அவமானம் என்று விட்டுவிட்டேன்.

குருசுக்குப்பத்துக்கும் முதலியார்பேட்டைக்கும் என்ன பெரிய தூரம், ஷேர் ஆட்டோவில் வந்து பேசிவிட்டுப் போகலாமே என்பீர்கள். நேரில் பார்த்தால் கத்துவேன். கத்தினால், கோபம் தலையான பாவங்களில் ஒன்று என்று எனக்கே பாடம் நடத்துவீர்கள். போனை அணைத்து வைத்திருக்கிறேன். அதில் நான் எதை எழுதினாலும் அது நம் தெருக் கிறிஸ்தவர்கள் கூடுகிற அன்பியத்தின் வாட்சப் குழுவில் செப விண்ணப்பமாக வந்து நிற்கும். நம் எதிர்வீட்டு அஞ்சலாட்சி இங்கே தையல் கம்பெனிக்குத் தினமும் வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் கும்பிடுகிற சாமி வேறு. ஆனால் ஒன்றைச் சொல்லி ஒளித்துவைக்க அன்பியத்தார் எல்லாரையும்விட நல்ல ஆள்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். தவக்காலத் தியானத்தில் பங்குச் சாமியார் சொல்லிக் கொடுத்தாரே, அன்றைய நாளைத் திருப்பிப் பார்ப்பது என்று, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆத்தும சோதனையை அவர் தனியாகத்தான் செய்யச் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் திருஇருதயப் படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிச் செய்வோம் என்றது நீங்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்கள் என் நாள் எப்படிப் போனது என்று கேட்டது அப்போதுதான். எனக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்படி உட்கார்ந்த ஒரு நாள் அத்தைக்கு மூன்றாவது தடவை துணி மாற்றினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர்களுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சொல், கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்தபோது நன்றி சொல்லப் பழகிய அந்தப் பிரெஞ்சு "மெர்சி". துணி மாற்றி முடித்ததும் என் முகத்தைப் பார்த்து மெர்சி என்றார்கள். அந்த மெர்சியைக் கேட்டதும் எனக்கு, ஆண்டவரே இவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும் என்று தோன்றியது. பாதி அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்து, பாதி என் இடுப்பு வலியில். எந்தப் பாதி பெரிது என்று எனக்கே தெரியவில்லை. அதை அப்படியே உங்களிடம் சொல்லி அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜாங்கம் வீட்டில் அன்பியக் கூட்டம். அவரவர் குறையைச் சொல்லிச் செபம் கேட்கிற நேரம் வந்தது. ஒருத்தி பொறுமை இல்லை என்றாள், ஒருத்தர் சீரியல் பார்த்துச் செபமாலையை விட்டேன் என்றார். நீங்கள் எழுந்தீர்கள். "எம் பொஞ்சாதி எங்கம்மா சாவணும்னு வேண்டிக்கிறா, அவ மனசு மாற எல்லாரும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்க" என்றீர்கள். நான் அங்கேயே, பாயில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்லிக்கொள்ள உங்களுக்குப் பெரிய பாவம் கிடைக்கவில்லை, என்னுடையதை இரவல் வாங்கிக்கொண்டீர்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. பிள்ளையார் நம் ஆள் இல்லை, கதை நம் கதைதான்.

புதன்கிழமை நெல்லித்தோப்பிலிருந்து உங்கள் தங்கை ரெஜின் வேன் வைத்துக்கொண்டு வந்தாள். "எங்கம்மாவ இவகிட்ட விட்டு வச்சா உசுரோட கெடைக்காது" என்று தெருவே கேட்கச் சொல்லித் தூக்கிப் போனாள். நாலு வருஷம் ஒரு படுக்கைப்புண் வராமல் பார்த்தவள் நான். நீங்கள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அதனால்தான் மறுநாள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ரெஜினிடம் சொல்லுங்கள்: கஞ்சியை இடப்பக்கமாக ஊட்ட வேண்டும். வலப்பக்கம் கொடுத்தால் புரையேறும்.

பிலோமின்


குருசுக்குப்பம்
19.03.2025, சூசையப்பர் திருநாள்

என் அன்புள்ள பிலோமினுக்கு,

சேசுவின் சமாதானம் உன்னோடு இருப்பதாக. நான் நலம். சுடர் சென்னையிலிருந்து போன் செய்தாள், அம்மா போன் ஏன் எடுக்கவில்லை என்றாள். சார்ஜர் கெட்டுவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

உன் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் சேதராப்பட்டு வரைக்கும் படித்துக்கொண்டே போனேன். நீ நினைப்பதுபோல் நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன் பாரத்தை எல்லாரும் சேர்ந்து சுமக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லி வேதத்திலேயே இருக்கிறது. ரெஜின் காதுக்குப் போகும் என்று நான் கண்டேனா? அவள் வேறு கோயில், வேறு பங்கு. அவளுக்கு யார் சொன்னார்கள் என்று இன்னும் தெரியவில்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, இந்த வாரம் தனியாக உட்கார்ந்துதான் ஆத்தும சோதனை செய்கிறேன். அதில் ஆண்டவர் எனக்கு ஒளி கொடுத்தார். நீ சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனதை நான் முழு மனதோடு மன்னித்துவிட்டேன். நீயும் கோபத்தை விட்டு வந்துவிடு. தவக்காலத்தில் வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது. சுண்டக்குழம்பு பானையை எங்கே வைத்தாய் என்றும் சொல்லியனுப்பு.

ஆசீரோடு,
அந்துவான்


முதலியார்பேட்டை
21.03.2025

சுடர் அப்பாவுக்கு,

நீங்கள் என்னை மன்னித்துவிட்டீர்கள். நான் இதைப் படித்துவிட்டு அக்காவின் சமையல்கட்டில் போய் நின்று சிரித்தேன். அக்கா பயந்துபோய் என்னடி என்றாள். ஒன்றுமில்லை, என் வீட்டுக்காரர் எனக்குப் பாவப்பொறுத்தல் கொடுத்திருக்கிறார் என்றேன். அடித்தவன் அடிபட்டவனை மன்னிக்கிற விந்தையை நம் வீட்டில்தான் பார்க்கிறேன்.

பாரம் சுமப்பதைப் பற்றி வேத வசனம் எழுதியிருக்கிறீர்கள். நாலு வருஷமாக அந்தப் பாரம் பின்னறையில்தான் படுத்திருந்தது. வேலையிலிருந்து வந்தால் வாசற்படியில் நின்று "அம்மா சாப்டாங்களா" என்று கேட்பீர்கள். உள்ளே வந்தால் வாடை, அதனால் வாசற்படியோடு சரி. ஒருநாள், ஒரே ஒருநாள், நீங்கள் ஒரு பக்கம் பிடித்து அவர்களைப் புரட்டிவிட்டிருந்தால், அந்த நினைப்பு எனக்கு வந்திருக்குமோ என்னவோ.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். அதைச் செய்யாமல் என்னை அழைக்காதீர்கள்.

அன்றைக்கு நான் சொல்லி அழுதபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானுந்தான் பிலோமின். ரெண்டு வருசமா தெனம் அப்பிடித்தான் நெனைக்கிறேன், அதான் அந்த ரூமுக்குள்ள வர மாட்டேங்கிறேன்" என்றீர்கள். அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. இந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் இப்படி இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். மூன்று நாள் கழித்து ராஜாங்கம் வீட்டுப் பாயில் என் பாதி மட்டும் வெளியே வந்தது. உங்கள் பாதி உங்கள் வாய்க்குள்ளேயே பத்திரமாக இருந்துவிட்டது.

ரெஜின் என்னைக் கொலைகாரி என்றபோதுகூட நான் உங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை போதும், அவள் வாய் அடைத்திருக்கும். பாவசங்கீர்த்தனக் கூண்டில் கேட்டதை வெளியே சொன்னால் அவர் சாமியாரே இல்லை. நான் வெறும் பெண்பிள்ளை, எனக்கு அது தெரிகிறது. உங்களுக்குத் தெரியவில்லை.

அதே கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால், உங்கள் பாதியையும் சொல்லுங்கள். என்னுடையதுக்கு விளக்கம் தர வேண்டாம். உங்களுடையதைச் சொன்னால் போதும்.

பானை பரண்மேல் இருக்கிறது.

பிலோமின்


குருசுக்குப்பம்
24.03.2025

அன்புள்ள பிலோமினுக்கு,

நேற்றுக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். சொல்லத்தான் நின்றேன். ராஜாங்கம் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், எங்கள் குடும்ப சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதற்கே ராஜாங்கம் அண்ணன் கண் கலங்கினார். எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். அடுத்த மாதம் எனக்கு அன்பியப் பொறுப்பாளர் பதவி கொடுக்கப் போவதாகப் பேச்சு. இந்த நேரத்தில் அதை வேறு கிளற வேண்டுமா? யோசித்துப் பார்.

அம்மா ரெஜின் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். நீ எழுதியதைச் சொன்னேன். "அவ எனக்குச் சொல்லித் தர வேண்டாம்" என்றுவிட்டாள்.

அந்துவான்


முதலியார்பேட்டை
25.03.2025

உங்கள் பதவிக்கு வாழ்த்துகள். என்னுடைய செலவில் வாங்கியது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை பட்டினி கிடக்கிறார்கள் என்பதை முதல் வரியில் எழுதாமல் கடைசியிலா எழுதுவீர்கள்?

இனி அஞ்சலாட்சியிடம் கடிதம் கொடுக்காதீர்கள். வாங்க மாட்டேன்.

பிலோமின்


குருசுக்குப்பம்
31.03.2025

பிலோமினுக்கு,

வாங்க மாட்டேன் என்றாய். அஞ்சலாட்சியைக் கெஞ்சித்தான் கொடுத்திருக்கிறேன். பிரிக்காமலே அடுப்பில் போடுவாயானால் போடு.

வியாழக்கிழமை ரெஜின் வீட்டுக்குப் போனேன். அம்மாவின் முதுகில் இரண்டு இடத்தில் தோல் கழன்றிருக்கிறது. ரெஜினும் பாவம், அவளும் வேலைக்குப் போகிறவள், புரட்டிப் போட ஆள் இல்லை. நான் உள்ளே போனதும் அம்மா என்னைத் தாண்டிக் கதவையே பார்த்தார்கள். உன்னைத் தேடினார்கள் என்று புரிய எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

நேற்று அன்பியத்தில் சொல்லிவிட்டேன். நன்றாகச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். "எம் பொஞ்சாதி ஒரு நாள் நெனைச்சா. நான் ரெண்டு வருசமா நெனைக்கிறேன். அவ கழுவிக்கிட்டே நெனைச்சா, நான் வாசப்படியில நின்னு நெனைச்சேன்" என்றேன். ராஜாங்கம் அண்ணன் செபப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். யாரும் அருள்நிறை மந்திரம் சொல்லவில்லை. பொறுப்பாளர் பேச்சு அதோடு போயிற்று. ரெஜினுக்கும் நானே போன் செய்து சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "அம்மாவ வந்து கூட்டிட்டுப் போ" என்று வைத்துவிட்டாள்.

இன்று லீவு போட்டு அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். துணி நானே மாற்றினேன். இரண்டு தடவை தப்பாகக் கட்டினேன். முடிந்ததும் அம்மா என்னைப் பார்த்து மெர்சி என்றார்கள். எனக்கும் நீ சொன்ன அதே நினைப்பு வந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன். உன்னிடம் மட்டும் எழுதுகிறேன்.

செய்தது தப்பு. உன்னை மன்னிக்க நான் யார்.

அந்துவான்


முதலியார்பேட்டை
02.04.2025

சுடர் அப்பாவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம்.

பிரித்துப் படித்தேன். அடுப்பில் போடவில்லை. அஞ்சலாட்சி தையல் மெஷினை விட்டு வந்து, நான் படித்து முடிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

நாளைக் காலையில் வருகிறேன். அத்தைக்காக வருகிறேன். தோல் கழன்ற இடத்தில் பவுடர் கொட்டாதீர்கள். பெரியாஸ்பத்திரி நர்ஸ் கொடுத்த களிம்பு மருந்து டப்பாவில் இருக்கிறது. ஒரே பக்கமாகப் படுக்க வைக்காதீர்கள். காலையில் துணி மாற்றுவது நான், வேலையிலிருந்து வந்ததும் மாற்றுவது நீங்கள். இதில் பேச்சு கிடையாது. சுடருக்கு நான் போன் செய்து சார்ஜர் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் எழுந்து நின்று சொன்னதைப் படித்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பொறுப்பாளர் பதவி போனதிலும் ஒரு சந்தோஷம்தான், அதற்கு நான் தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்கிறேன். ஆனால் கோபம் போகவில்லை. போய்விட்டதா என்று தினமும் தேடிப் பார்க்கிறேன், அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. ஏனென்று நேற்றுத்தான் தெரிந்தது. ரெஜின் பேசியதோ தெரு சிரித்ததோ இல்லை. அந்தத் திருஇருதயப் படத்துக்கு முன்னால் நாம் உட்கார்ந்த அரை மணி நேரம்தான் இந்தக் கல்யாணத்தில் எனக்கென்று கிடைத்தது. அதை நீங்கள் எடுத்துக்கொண்டுபோய் ராஜாங்கம் வீட்டில் பரிமாறிவிட்டீர்கள். நீங்கள் அங்கேயே எழுந்து நின்று எதைச் சொன்னாலும் அது திரும்ப வராது.

சாப்பிட்டு முடித்து நாம் உட்காரத்தான் போகிறோம். ஆத்தும சோதனையை விடச் சொல்ல மாட்டேன். நீங்கள் உங்கள் நாளைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன், அது என்னைத் தாண்டி எங்கும் போகாது. என் நாளை இனி உங்களிடம் சொல்ல மாட்டேன். அதை வாய்க்குள் சொல்வேன், கேட்க வேண்டியவருக்குக் கேட்கும். என்ன சொன்னாய் என்று கேட்காதீர்கள்.

நீங்கள் சொல்லி முடித்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

பிலோமின்