டீக்கடை வரைக்கும்தான் ஓட்டம்

பாய்,

லடாக்கிலிருந்து கொண்டுவந்த பையை நேற்றுதான் பிரித்தேன். அடியில் உங்கள் தொப்பி கிடந்தது. வெயிலுக்குப் போட்டுக்கொள்வீர்களே, அந்தச் சாம்பல் நிறத் துணித் தொப்பி. அவ்வளவு தூரம் போய் வந்தும் அதன் உள்பக்கத்தில் உங்கள் கடையின் பிவிசி பைப் ஒட்டும் பசை வாசனை போகவில்லை. கொஞ்சம் அத்தரும் இருக்கிறது. துவைத்துப் போடுகிறேன் என்று வீட்டுக்காரி கேட்டாள். தரவில்லை.

மலை ஓட்ட ஆசையைத் தொடங்கியது நம்மில் யார் என்ற வழக்கு கடைசிவரை தீரவில்லை. போனில் லடாக் மலை ஓட்டப் பந்தயத்தின் படத்தைக் காட்டியது நீங்கள். இருவர் பேரையும் கொடுத்துவிடலாம் என்றது நான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், உழவையும் மோட்டார் ரிப்பேரையும் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன், ஓடக் கற்றுக்கொள்ள மட்டும் ஏன் ஒருவரிடம் போய் நிற்க வேண்டும்? ஆனால் நம் பக்கத்தில் மேடு என்று சொல்ல ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். மற்றதெல்லாம் தண்ணீர் விட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்கிற தரை. விடிந்ததும் அந்தப் பாலத்தில் ஏறுவோம், இறங்குவோம், மறுபடி ஏறுவோம். ஒருநாள் செங்கல் லாரிக்காரர் வண்டியை மெதுவாக்கி, எதையாவது தொலைத்துவிட்டீர்களா பெரியவரே என்று கேட்டார். நான் சண்டைக்கு வாயெடுப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"மலையத் தேடுறோங்க. வழியில பாத்தா சொல்லுங்க."

பாலத்துக்கு அடியில் டீக்கடை. அது கண்ணில் பட்டதும் உங்கள் கால் நின்றுவிடும். "டீக்கடை வந்துட்டா ஓட்டம் முடிஞ்சிடுச்சுண்ணே" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவீர்கள். இன்னும் ஒரு ஏற்றம் பாக்கி என்று நான் தனியாக ஏறிவிட்டு வருவேன். வரும்போது என் டம்ளரின் மேல் ஒரு தட்டு மூடியிருக்கும், ஆறிவிடாமல்.

முதல் ஏற்றத்திலேயே நான் ஏன் தலைதெறிக்க ஓடுகிறேன் என்று கண்டுபிடித்தவரும் நீங்கள்தான். என் வயல் வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. கல்லணை திறந்து, மேலே இருப்பவர்கள் எல்லாம் பாய்ச்சி, மிச்சம் இருந்தால் எனக்கு. அதுவும் எப்போது நிற்கும் என்று தெரியாது. அதனால் தண்ணீர் தலை காட்டியதும் வரப்பு உடைகிற அளவுக்கு வாங்கிக்கொள்வேன். இதற்காக அதிகாரிகளிடம் நான் பேசிய பேச்சை நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. ஓட்டத்திலும் நான் அப்படியேதான் செய்கிறேன் என்று ஒருநாள் சொன்னீர்கள்.

"மூச்சு என்ன வாய்க்கா தண்ணியாண்ணே, நின்னுடும்னு பயப்பட? மொத்தத்தையும் மொதல்லயே இறைச்சிடாதீங்க."

துபாயில் இருந்த காலத்தில் இந்தி பேசப் பழகியவர் நீங்கள். எனக்கு ஒரு சொல் தெரியாது. அதனால் லடாக் போனால் இந்தி உங்கள் பொறுப்பு, சண்டை என் பொறுப்பு என்று பிரித்துவைத்திருந்தோம். கார்த்திகை மழையில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நான் கிளம்புவதற்கு முன் உங்கள் வீட்டம்மா இந்தத் தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பந்தயத்தின் முடிவுக்கோட்டைத் தாண்டி இதைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குக் கொடுப்பது அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அறுபதைத் தாண்டியவன் என்பதால் பந்தயம் நடத்துகிறவர்கள் என்னிடம் மட்டும் இதய டாக்டரின் சான்று கேட்டார்கள். தஞ்சாவூருக்கு அலைந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. லே நகரில் மெல்லிய மலைக்காற்றுக்கு உடம்பு பழகட்டும் என்று சில நாட்கள் சும்மா கிடக்கச் சொன்னார்கள், கிடந்தேன். ஓட்டம் தொடங்கிய காலையில் அகலமான பாதையைப் பார்த்ததும் கடைமடைக்காரன் விழித்துக்கொண்டான். உங்கள் சொல் காதில் இருந்தது, கால் கேட்கவில்லை. இளவட்டங்களைத் தாண்டிப் போனேன். வெயில் ஏறுவதற்குள் அவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். நான்கு அடி வைப்பேன், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

கணவாய்க்குக் கீழே ஒரு கூடாரம். குறித்த நேரத்துக்குள் அதைத் தாண்டாதவர்களை மேலே விடமாட்டார்கள். நான் போனபோது நேரம் கடந்திருந்தது. அங்கே இருந்தவர் கையைக் குறுக்கே நீட்டி இந்தியில் ஏதோ சொன்னார். நான் தமிழில் சண்டை பிடித்தேன். கடிகாரத்தைக் குறை சொன்னேன், பாதையைக் குறை சொன்னேன், தஞ்சாவூர் டாக்டர் வரைக்கும் இழுத்தேன். ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு. மனிதர் முழுவதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு என் தோளில் ஒரு கம்பளியைப் போட்டார். நான் எரிச்சலோடு பக்கத்தில் திரும்பினேன், இந்தியில் சொல்லுங்கள் என்று உங்களிடம் சொல்வதற்காக.

பக்கத்தில் மலை இருந்தது.

அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது பாய். அழுகையில்லை, சத்தியமாகச் சிரிப்புதான். சண்டைக்காரன் மட்டும் வந்திருக்கிறான், பேசுகிறவர் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். டீ கொடுத்தார்கள், உப்புப் போட்ட டீ. எனக்கும் பின்னால் ஓடிவந்த ஒரு பெண் அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். நகர்ந்து இடம் கொடுத்தேன். அவர் என்னை நிறுத்தியது சரி. ஒருவர் செய்தது சரி என்று நான் லேசில் சொல்கிறவன் இல்லை.

உங்கள் வீட்டுக்குப் போவதுதான் அந்தக் கணவாயைவிடச் செங்குத்தாக இருந்தது. இன்று காலை போனேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முடிக்கவில்லை, கூடாரத்தில் நிறுத்தி டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள் என்றேன். அதற்கு உங்கள் வீட்டம்மா சொன்னது இதுதான்.

"அவங்க வந்திருந்தாலும் அங்கயேதாண்ணே உக்காந்திருப்பாங்க. டீ கெடைச்ச எடத்தைத் தாண்டி அவங்க என்னைக்கு ஓடுனாங்க?"

தொப்பியை நீட்டினேன். வாங்கவில்லை. அடுத்த வருஷமும் போவீர்கள்தானே, உங்களைத் தெரியாதா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

போவேன். அதில் மாற்றமில்லை. நாளை விடிந்ததும் பாலத்துக்குக் கிளம்புகிறேன். அந்தக் கடைசி ஏற்றத்தை இப்போதும் விடமாட்டேன், நீங்கள் என்ன சொன்னாலும். ஆனால் முதல் ஏற்றத்திலிருந்தே மெதுவாகப் போவேன், பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே கூட வருகிற அளவுக்கு.