கியர் ஆயில் பார்த்த விதம்

போன மாதம் நம் காரில் கியர் ஆயில் பார்த்தபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. உன்னிடம் "எல்லாம் சரியா இருக்கு" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. இன்று காலை ஓடவிட்டுப் பார்த்தேன். ஆயில் அளவுக்கம்பியின் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. நிறுத்திப் பார்த்தால் மேல்கோடு வரை நிற்கிறது. ஓடவிட்டுப் பார்ப்பதுதான் சரியான முறை; அன்று நான் நிறுத்திப் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

நேற்று நீ, "கியர் மாறுறப்ப வண்டி உதறுதுங்க" என்றாய். "வண்டில ஒண்ணுமில்ல, நீ ஓட்டுற லட்சணம் அப்படி" என்றேன். கோளாறு வண்டியில்தான், அதற்கு முன்பு என்னிடம்.

இன்று உன் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு இதில் கூட்டிப்போகாதே. நடுவழியில் நின்றுவிடலாம். ஒன்பது மணிக்கு டாக்சி வரும். எட்டரைக்கு மெக்கானிக் வருவார், சாவியைக் கொடு. "ஆயில் யாரு பாத்தது?" என்று கேட்பார். என்னையே சொல்.

முன் டயர் இரண்டும் உள்பக்கம் மொட்டை. அதையும் நீ முன்பே சொன்னாய்.

உன்னை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

பி.கு. பால் காய்ச்சி வைத்திருக்கிறேன். சின்னவள் என்னோடு பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். உன் அப்பா குளித்துத் தயாராக இருக்கிறார். நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். வண்டி வாசலில் நிற்கிறது.