பெயர் போடாத வாக்கியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறீர்களா?

இங்கே சலவை ஆலையில் ஒரு சின்ன விபத்து. பதறாதீர்கள், எனக்கு இல்லை. என் அறைத் தோழனுக்கு. இஸ்திரி இயந்திரத்தின் தடுப்புக் கம்பி உடைந்து பத்து நாளாகியும் யாரும் மாற்றவில்லை. அவன் வலது கை வெந்துவிட்டது. ஆபீஸில் கடிதம் அடிப்பவன் நான்தானே? மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"'இட் இஸ் ரிப்போர்ட்டட் தட்'னு ஆரம்பி. அவன் கவனக்குறைவா இருந்தான்னு முடி."

"யார் சார் அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்ல வேணாம்யா. 'கூறப்படுகிறது'ன்னு போட்டா ஆளே தேவையில்ல. அதுக்குத்தான் அந்த இங்கிலீஷ்."

அடித்துக் கொடுத்தேன். நீங்கள் ஊரெல்லாம் பெருமையடிக்கும் என் இங்கிலீஷில் ஒரு பிழைகூட இல்லை. அவன் வேலை போயிற்று. அவனுக்கு இங்கிலீஷ் வராது. அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி என்னிடமே கொண்டுவந்தான்.

"என்னைப் பத்தி இப்படிச் சொன்னது யாருடா?"

"பேர் போடலடா" என்றேன்.

அவன் பெட்டியை நான்தான் கட்டிக் கொடுத்தேன். இனி அறையில் நான் மட்டும்தான். தங்கச்சி பிள்ளைகள் போடும் கூச்சலைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள், போதும்.

ஊர் திரும்பும் அவனை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டது, அவசரமாக முடிக்கிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்தவன் அவன்தான். அவன் போன பிறகு பிரியுங்கள் என்று போனில் சொன்னது இதனால்தான். என்னைப் பற்றி உங்களிடம் நல்லதாகத்தான் சொல்லியிருப்பான்.

உங்கள் மகன்