பத்து விரலுக்கு ஒரு பர்மிட்

மார்ச் 4

வேலையை விட்டாயிற்று. பதினேழு வருஷம். முதலாளி ராஜமாணிக்கம், "போயிட்டு வா கொளஞ்சி, நல்லா இரு" என்றார். அதே மூச்சில், "ஒன் எடத்துக்கு யாரப் போடலாம்?" என்றும் கேட்டார். மனுஷன் அப்படித்தான். என் வீட்டுக்காரி இளமதியின் பெயரைச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்பே பீங்கான் பொம்மை துடைத்தவள். திங்கட்கிழமை சேர்கிறாள்.

எங்கள் வேலைக்கு ஃபினிஷிங் என்று பெயர். அச்சிலிருந்து எடுத்த பச்சைச் சாமானில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். சூளைக்குப் போகும் முன் ஈரப் பஞ்சால் தேய்த்து அதை மறைக்க வேண்டும். கோடு போயிற்றா என்று கண் சொல்லாது. விரல்தான் சொல்லும்.

நான் போவது கக்கூஸ் தொட்டி செய்கிற கம்பெனிக்கு. இளமதி கேட்டவர்களிடமெல்லாம் துபாய் என்கிறாள். துபாய் இல்லை என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். இந்த ஊரில் கடலைத் தாண்டினால் துபாய்தான்.

மார்ச் 9

மங்கலம்பேட்டை. டிராவல்ஸ் வைத்திருக்கும் பரக்கத்துல்லா பாய் சட்டதிட்டம் எல்லாம் சொன்னார். பர்மிட்டில் என்ன தொழில் போட்டிருக்கிறதோ அதை மட்டும்தான் செய்ய வேண்டும். வேறு வேலை செய்தால் குற்றம். வேறு முதலாளியிடம் செய்தால் பெரிய குற்றம். நான் ஒன்பதாவதோடு நின்றவன் என்பதால் நம் அரசாங்கமும் தனியாக ஒரு அனுமதி தர வேண்டும். மே 25க்குள் விசா குத்தியாக வேண்டும். தவறினால் பர்மிட் தாள் செல்லாது.

"பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா பாதி ரோதன இல்ல கொளஞ்சி" என்றார் பாய்.

பத்தாவது பாஸ் பண்ணியிருந்தால் நான் ஏன் கக்கூஸ் துடைக்கக் கடல் தாண்டுகிறேன்?

மார்ச் 27

சென்னை. விசா ஆபீசில் பத்து விரலும் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மிஷின் ஒன்றையும் எடுக்கவில்லை. துடைத்து வைத்தேன். ஊதி வைத்தேன். மிஷின் பக்கத்தில் இருந்த பெண் என் கையைத் திருப்பிப் பார்த்து, "என்ன சார், வழுவழுன்னு இருக்கு?" என்றது.

பதினேழு வருஷம் ஈரக் களிமண்ணில் தேய்த்தால் வழுவழு என்றுதான் இருக்கும். அது போதாதென்று நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். வெள்ளைச் சட்டைக்காரர்கள் முன்னால் மண் கையோடு நிற்கக் கூடாதே என்று, எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்குப் போகும் முன் செய்வது போல, சூளையில் ஒரு முறை வெந்த ஓட்டுத்துண்டை எடுத்துப் பத்து விரலையும் பளபள என்று தேய்த்துக்கொண்டு போனேன். மிச்சம் மீதி இருந்த ரேகையையும் நானே வழித்துப் போட்டுவிட்டேன். எனக்கு மூளை இருக்கிறதா?

அதே கம்பெனிக்குப் போகக் கூட வந்த பக்கிரிக்கு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. பக்கிரி எங்கள் சூளையில் லோடு ஏற்றுகிறவன். பிரஸ்ஸில் மாட்டி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. எட்டு விரலை எடுத்துக்கொண்டு, இரண்டு இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். விரல் இல்லாவிட்டால் அதற்கு விதி இருக்கிறது. விரல் இருந்து ரேகை இல்லாவிட்டால் விதி இல்லை.

மார்ச் 29

பாய் யார் யாரையோ கேட்டுவிட்டுச் சொன்னார். களிமண் தொடக் கூடாது. சோப்புத் தூள் கூடாது. தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ரேகை தானாக முளைக்குமாம். "முளைக்குங்களா பாய்?" என்றேன். "அல்லா குடுத்தது, எங்க போவும்?" என்றார்.

ஏப்ரல் 6

சும்மா இருக்கிறேன்.

ஏப்ரல் 11

இளமதி வேலைக்குப் போய்விட்டு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, துணி துவைக்கிறாள். நான் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருக்கிறேன். "புது மாப்பிள்ள கூட மூணாம் நாளு எழுந்திரிச்சி ஒரு கொடம் தண்ணி தூக்குவான்" என்றாள். எண்ணெய்க் கிண்ணத்தை இழுத்துக்கொண்டேன்.

அவள் கையில் களிமண் வாசனை. எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொல்வதற்கென்ன, என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 24

சென்னை. ஏழு விரல் எடுத்தது. மூன்று மாட்டேன் என்றது. பத்தும் வேண்டுமாம்.

திரும்பும்போது ரயிலில் யோசித்தேன். மே 25 தாண்டிவிட்டால் அங்கே வேலை இல்லை. இங்கே என் இடத்தில் ஆள் இருக்கிறது. அந்த ஆளிடம் இடத்தைத் திருப்பிக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? அவள்தான் எனக்குச் சோறு போடுகிறாள். விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்காமல் அப்படியே போய்விடலாமா என்று வந்தது. இறங்கினேன். பசித்தது.

மே 20

பத்தும் எடுத்தது! கடைசியாகச் சுண்டு விரல் பச்சை விளக்கு காட்டியதும் அந்தப் பெண்ணைக் கும்பிட்டுவிட்டேன். "போங்க சார், பின்னாடி ஆளு நிக்கிறாங்க" என்றது. இந்த உலகத்திலேயே நல்ல பெண் அது.

ஜூன் 8

வந்து சேர்ந்தோம். நானும் பக்கிரியும் ஒரே ரூம். வெயில் அடிக்கிறது. நம் ஊர் வெயில்தான், மரம் மட்டும் இல்லை.

இன்று மூன்று மாதத்துக்குப் பிறகு களிமண்ணில் கை வைத்தேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பக்கிரி பார்த்துவிட்டு, "யோவ், அது கக்கூஸுய்யா" என்றான்.

ஜூலை 5

காலையில் வருகைப் பதிவு மிஷினில் விரல் வைத்தேன். எடுக்கவில்லை. சாயங்காலமும் எடுக்கவில்லை. பக்கிரிக்கு எடுத்தது.

ஜூலை 6

எடுக்கவில்லை.

ஜூலை 7

எடுக்கவில்லை. இன்று துடைத்தது ஐம்பத்திரண்டு தொட்டி.

ஜூலை 12

ஆபீசில் கூப்பிட்டார்கள். ஒருவன் ஏழு நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் அவனை ஓடிப்போனவன் என்று தானாகவே அரசாங்கத்துக்கு எழுதிவிடுமாம். நேற்றிரவு எழுதிவிட்டது. ஓடிப்போனவனுக்குப் பர்மிட் கிடையாது, பிடித்தால் உள்ளே.

"நான் ஓடலைங்களே, இங்கதான நிக்கிறேன்" என்றேன். சூப்பர்வைசர் மலையாளத்துக்காரர், நல்லவர். "அறியாம், அறியாம். கம்ப்யூட்டருக்கு அறியில்லா" என்றார். அவருக்குத் தெரியுமாம், கம்ப்யூட்டருக்குத் தெரியாதாம். அதை ரத்து செய்ய நான் நேரில் போய் அத்தாட்சி காட்ட வேண்டும். என்ன அத்தாட்சி? பத்து விரல்.

வந்து முழுசா ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள ஜெயிலா? என்னா பொழப்புடா இது!

ரூமில் பக்கிரி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு வெரல வெட்டிக்கயேன். சட்டத்துல எடம் இருக்குது" என்றான். முகத்தில் சிரிப்பே இல்லை. நான்தான் சிரித்தேன். பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன்.

ஜூலை 14

ஆபீசில் முடிவு சொன்னார்கள். ஒரு மாதம் களிமண் தொடாமல் ஆபீசில் உட்கார்ந்திருக்க வேண்டும். ரேகை வந்ததும் ரத்து. அதற்குப் பிறகு எனக்கு இரண்டு வழி. ஊருக்குத் திரும்பலாம். அல்லது விரல் தேயாத ஒரு வேலைக்குப் பர்மிட்டை மாற்றிக்கொண்டு இங்கேயே இருக்கலாம்.

அதுவரை டீ போட்டுக் கொடுக்கச் சொன்னார் சூப்பர்வைசர். டீ என் பர்மிட்டில் இல்லை, குற்றமாகுமே என்றேன். "ஓடிப்போன ஆளு பேசுற பேச்சா இது?" என்றார்.

ஜூலை 15

இளமதியிடம் போனில் எல்லாம் சொன்னேன். "வந்துடுங்க" என்றாள். "வந்து?" என்றேன். "வந்துடுங்க, பாத்துக்கலாம்." என்னத்தைப் பார்த்துக்கொள்வது? வாசலில் உட்கார்ந்து எண்ணெய் தடவிக்கொள்வதையா?

வரவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 18

பத்தும் எடுத்தது. நான் ஓடிப்போகவில்லை என்று சட்டம் ஒத்துக்கொண்டது. புதுப் பர்மிட்டும் வந்தது. தொழில்: ஆபீஸ் பாய். வயது நாற்பத்தொன்று.

செப்டம்பர் 14

காலையில் முதல் அழுத்தலிலேயே மிஷின் எடுத்தது. இப்போதெல்லாம் தினமும் அப்படித்தான். டீ, காப்பி, ஃபைல், ஜெராக்ஸ். ஆபீசிலிருந்து பார்த்தால் கண்ணாடி வழியாக ஃபினிஷிங் ஹால் தெரியும். என் இடத்தில் ஒரு நேபாளத்துப் பையன் துடைக்கிறான். விளிம்புக்கு அடியில் கோட்டை அப்படியே விடுகிறான். சொல்லப் போகவில்லை. என் பர்மிட்டில் இல்லை.

மதியம் இளமதி கூப்பிட்டாள். முதலாளி புது அச்சு இறக்கியிருக்கிறாராம், கழுத்து வளைவில் கோடு போகவே மாட்டேன் என்கிறதாம். "எப்டிங்க தொடைக்கிறது?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சூடு வந்தது. டிரேயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். பஞ்சைப் பிழிந்துவிடு, கோட்டின் மேல் போகாதே, கோட்டுக்குக் குறுக்கே போ, கடைசியில் மோதிர விரலால் தடவிப் பார், அந்த விரலுக்குத்தான் தெரியும் என்றேன். கால் மணி நேரம் பேசியிருப்பேன்.

"ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போது அவள் பக்கத்தில் யாரோ ஒரு பெண், "ஏக்கா, நீ நேத்து சொல்லிக் குடுத்தாப்ல பண்ணேன், கழுத்துக் கோடு சுத்தமா போயிடுச்சிக்கா" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

டிரேயைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். உள்ளே நாலு டீ கேட்டார்கள். போனேன்.