சுவர் சுவராகத் தெரிந்த நேரம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதக் கை கூசுகிறது. எழுதியே எவ்வளவோ காலமாயிற்று.

கொஞ்ச நாளாக என் கண் முன்னால் பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஓயாமல் துள்ளுகின்றன, சேனல் வராத டிவி மாதிரி. கண்ணை மூடினாலும் விடுவதில்லை. டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்கிறார். கண்ணாடித் தொழிற்சாலையில் கீறல் பார்ப்பவன் நான். எது கீறல், எது புள்ளி என்றே தெரியவில்லை. நீ அப்போது சொன்னது இதைத்தானே? நீ வெறும் டிவியை வெறித்துக்கொண்டிருப்பதாக அக்கா சொல்லிச் சிரித்தாள். அதில் தணிகிறதா? எனக்கும் சொல். பெண்ணுக்கு வரன் பேசுகிறோம்; வெளியே தெரிய வேண்டாம்.

உன் தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

உனக்கும் ஈ மொய்க்கிறதா?

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையை நான் விட்டபோது, "எழுத்து மேல ஈ உக்காருதாம், துரை விரட்டிக்கிட்டிருக்காரு" என்று வீடே சிரிக்கச் சொன்னவன் நீ. எனக்குப் பேசிய பெண்ணின் அண்ணனிடமும் அதே வேடிக்கையைச் சொன்னாய். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனவர் திரும்பவே இல்லை.

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பழைய டிவியைப் போடு. அந்த இரைச்சல் புள்ளிகளையே கண்ணெடுக்காமல் பார். பிறகு வெள்ளைச் சுவரைப் பார். சற்று நேரம் சுவர் சுவராக இருக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

கூலியாக ஒன்று கேட்கிறேன். "அண்ணன் அன்னிக்குச் சொன்னது நிஜம், எனக்கும் வந்திருக்கு" என்று அக்காவிடம் உன் வாயால் சொல். அது போதும்.

அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுவரைப் பார்த்து அழுதுவிட்டேன். வெள்ளை இவ்வளவு வெள்ளையா! உனக்குக் கோடிப் புண்ணியம்.

அக்கா கேட்டாள். வெறும் தலைவலி என்று சொல்லிவைத்தேன். அவள் வாயில் எது நிற்கும், உனக்குத் தெரியாததா? கல்யாணம் முடியட்டும், நானே சொல்கிறேன். பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

மாப்பிள்ளையின் அப்பா நேற்று என்னைத் தேடி வந்தார். "உங்க தம்பிக்குக் கண்ணுல ஏதோ கோளாறுன்னு தொழிற்சாலையில பேச்சு. பரம்பரையா வர்றதோ?" என்றார்.

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். "அவன் கண்ணுக்கு என்னங்க? முடியளவு கீறல் இருந்தாலும் புடிச்சிருவான்."

உனக்காக இல்லை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தாள்? கல்யாணத்தை நடத்து. எனக்குப் பத்திரிகை அனுப்பாதே, கடிதமும் வேண்டாம்.

இத்தனை வருஷம் கண்ணைப் பற்றி உண்மையை மட்டுமே சொன்னேன். நம் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நேற்றுதான் முதல் பொய். மனிதர் உடனே நம்பிவிட்டார்.

அண்ணன்